காத்தாடிக்குக் கீழே இருப்பவர்களின் பங்கு எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. காற்றாலை நிறுவனம் ஒன்று அரசு தொடக்கப் பள்ளிக்கு நோட்டும் பையும் வழங்கிய விழா. பிள்ளைகள் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பையை மார்போடு அணைத்து நிற்கிறார்கள். பின்னால் கட்டிய பேனரில் நிறுவனத்தின் பெயர் பிள்ளைகளின் தலையைவிடப் பெரிதாக இருக்கிறது. குறை சொல்ல வரவில்லை. நோட்டு கிடைத்த பிள்ளைக்கு நோட்டு மிச்சம்தான். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. அதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். இடமில்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், கணக்கை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் ராதாபுரம் வட்டத்துக்காரன். 1994 முதல் 2019 வரை காற்றாலை ஆபரேட்டராக இருந்தேன். ஊரில் யாரும் காற்றாலை என்று சொல்வதில்லை, காத்தாடி என்பார்கள். வேலை செய்த எங்களுக்கு அது ‘மிஷின்’. ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைகிற தென்மேற்குக் காற்று முப்பந்தல், பழவூர், வடக்கன்குளம், பணகுடி என்று விரிந்து எங்கள் செவக்காட்டில் வந்து இறங்கும். வைகாசியில் தொடங்கினால் புரட்டாசி வரை நிற்காது. சின்ன வயசில் அந்தக் காற்று எங்களுக்கு ஒரு தொந்தரவு. சோற்றுத் தட்டில் மண் விழும், முருங்கைக் கிளை முறியும், ஓட்டு வீட்டில் நாலு ஓடாவது போகும். அந்தக் காற்றுக்கு விலை உண்டு என்பது 1990களில் புரோக்கர்கள் காரில் வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அதுவும் காற்றின் விலையை அவர்கள் சொல்லவில்லை, நிலத்தின் விலையைத்தான் சொன்னார்கள்.

எங்கள் அப்பா 1994-ல் மூன்று ஏக்கரைக் கொடுத்தார். ஏக்கர் எட்டாயிரம். உடை மரமும் பனையும் நின்ற மானாவாரிப் புஞ்சை; ஆடு உடங்காய் தின்னும், மனுஷனுக்கு எதுவும் கிடையாது. இருபத்துநாலாயிரம் ரூபாய் அன்றைக்குப் பெரிய பணம். அக்கா கல்யாணம் அதில்தான் நடந்தது. கூடவே எனக்கு வேலையும் கிடைத்தது. ஆகையால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நான் எழுதினால் அது பொய். ஆனால் அந்த மூன்று ஏக்கரில் ஏறி நின்ற மிஷினின் லாக் புத்தகத்தை இருபது வருஷத்துக்கு மேல் என் கையால் எழுதியவன் நான். 250 கிலோவாட் மிஷின். ஆடி மாதம் நல்ல காற்றுள்ள நாளில் ஒரு நாளைக்கு 5,000 யூனிட் ஓடும். 2000களின் தொடக்கத்தில் மின்வாரியம் காற்றாலைக்குக் கொடுத்த விலை யூனிட்டுக்கு 2 ரூபாய் 70 காசு. அதாவது 13,500 ரூபாய். அப்பா மூன்று ஏக்கருக்கு வாங்கிய மொத்தப் பணம் அந்த மிஷினுக்கு இரண்டு நாள் வேலை.

இதை அப்பாவிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.

இந்தக் கணக்கை எனக்குப் போடக் கற்றுக்கொடுத்தவர் ஒரு டென்மார்க்காரர். 1996 வாக்கில் கியர்பாக்ஸ் வேலைக்காக வந்திருந்தார். அன்றைய மிஷின்களில் பாதி டென்மார்க் தொழில்நுட்பம்தான். ஏணியில் ஏறி இறங்கி, உடம்பெல்லாம் கிரீஸோடு, எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். டீயைக் குடித்துக்கொண்டே எங்கள் என்ஜினீயர் மூலமாக என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: “இந்த மிஷினில் உங்கள் ஊருக்கு எத்தனை பங்கு?” எனக்கு விளங்கவில்லை. ஊருக்கு எப்படிப் பங்கு இருக்கும், முதலாளி கோயமுத்தூர் மில்காரர் என்றேன். அவர் சிகரெட் பெட்டியைப் பிரித்து அதன் உள்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். அவருடைய அப்பா, பக்கத்துப் பன்றிப் பண்ணைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார் என்று ஊரார் பல பேர் பங்கு போட்டு ஒரு மிஷின் வாங்கி வைத்திருக்கிறார்களாம். வருஷக் கடைசியில் கரண்ட் விற்ற பணத்தைப் பிரித்துக்கொள்வார்களாம். சத்தம் தூக்கத்தைக் கெடுக்காதா என்று டீக்கடை அண்ணாச்சி கேட்டார். அதற்கு அவர், “சொந்தப் பன்றி நாறாது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்” என்றார். அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். “காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுன்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்கள்லா, அதான்” என்று எங்களுக்கு விளக்கம் வேறு சொன்னார்.

அவர் அளந்துவிடவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது. டென்மார்க்கில் அந்தக் காலத்திலேயே ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் காற்றாலையில் பங்கு வைத்திருந்தன. கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளியே கடலில் 2000-ல் நிறுத்திய 20 மிஷின்களில் பாதி பொதுமக்கள் கூட்டுறவுக்குச் சொந்தம். 2009-ல் சட்டமே போட்டார்கள்: புதிதாகக் காற்றாலை வைப்பவர் ஐந்தில் ஒரு பங்கையாவது 4.5 கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களுக்கு விற்கத் தயாராக இருக்க வேண்டும் என்று. பிறகு அந்த முறையை மாற்றிவிட்டார்கள். ஆனாலும் பக்கத்தில் இருப்பவனுக்கு ஏதாவது உண்டு என்ற எண்ணத்தை விடவில்லை. ஜெர்மனியில் 2021 முதல், 2.5 கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள உள்ளாட்சிகளுக்கு யூனிட்டுக்கு 0.2 சென்ட் கொடுக்கச் சட்டத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள். நம் காசுக்கு 20 காசு போல வரும். ஸ்காட்லாந்தில் ஒரு மெகாவாட்டுக்கு வருஷம் 5,000 பவுண்டு ஊருக்குக் கொடுப்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. நம் பணத்தில் 5 லட்சத்துக்கு மேல். இந்த விவரங்களையெல்லாம் என் மகள் தேடிப் படித்துச் சொன்னாள். சிகரெட் பெட்டிப் படம் மட்டும் என் சொந்த ஞாபகம்.

இனி எங்கள் ஊர்க் கதை. 2004 கோடையில், பன்னிரண்டு மிஷின்களுக்குப் போகிற சரள் ரோட்டை உயர்த்திப் போட்டார்கள். பெரிய கிரேன் வரவேண்டும், அதற்காக. அந்த ரோடு எங்கள் குளத்துக்குத் தண்ணீர் வரும் ஓடையைக் குறுக்கே வெட்டுகிறது. ஓடையில் எட்டு மாதம் தண்ணீர் இருக்காது. அதைப் பார்த்துவிட்டு கான்ட்ராக்டர் இரண்டு சிமெண்ட் பைப்பைப் படுக்கப் போட்டு மேலே மண்ணைக் கொட்டிவிட்டார். அந்த ஐப்பசியில் ஒரே ராத்திரியில் கொட்டித் தீர்த்தது. விடியக்காலம் போய்ப் பார்த்தால் பைப் வாயில் உடை முள்ளும் பனை ஓலையும் அடைத்து, தண்ணீர் ரோட்டுக்கு மேற்கே கடல் மாதிரி நிற்கிறது. பிறகு அது போக்கிடம் தேடி வடக்கே திரும்பி, பூப்பிடிக்கிற முருங்கையைப் பறித்துக்கொண்டு போனது. கிழக்கே எங்கள் குளத்தில் கெண்டைக்கால் அளவுகூட ஏறவில்லை. மற்ற ஊர்க் குளங்கள் மறுகால் பாய்கின்றன, எங்கள் குளத்தில் ஆடு மேய்கிறது.

ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள், ரோட்டை வெட்ட. நான் கம்பெனிச் சட்டையோடு நிற்கிறேன். அதில் என் சித்தப்பா ஒருத்தர். “ஏல, நீ எந்தப் பக்கம்?” என்று கேட்டார். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை.

சைட் என்ஜினீயருக்குப் போன் போட்டேன். ஈரோட்டுப் பக்கத்துப் பையன், வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. மோட்டார் சைக்கிளில் வந்தார். யாரிடமும் பேசவில்லை. பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, பைப்புக்குள் தோள்வரை கையை விட்டு முள்ளை இழுத்துப் போட்டார். கையெல்லாம் ரத்தம். மேலே ஏறி வந்து, “இது பைப் வைக்கிற எடமே இல்லீங்க, பாலம் கட்டோணும். இன்னைக்கு வெட்டிக்கோங்க, கிரேன் வர்றது என் பொறுப்பு” என்றார். ரோட்டை வெட்டினோம். மூன்று மாதம் தலைமை அலுவலகத்துக்கு எழுதி எழுதி, அடுத்த ஆடிக்குள் ஒரு கல்வெர்ட்டைக் கட்டிவிட்டார். அந்த பில்லை நான்தான் ஃபைலில் வைத்தேன். இரண்டரை லட்சத்துக்குச் சற்றுக் கூடுதல். அந்த ரோட்டில் இருந்த பன்னிரண்டு மிஷினுக்கு ஆடி மாதத்தில் இரண்டு நாள் ஓட்டம்கூட அல்ல.

அந்தக் கல்வெர்ட் இன்றும் நிற்கிறது. அதைக் கட்டிய என்ஜினீயர் அடுத்த வருஷமே மாற்றலாகிப் போனார். அவருக்குப் பின் வந்தவர்கள் தெற்கே இன்னொரு ரோடு போட்டபோது மறுபடியும் அதே இரண்டு பைப். நான் சொல்லவந்ததே இதுதான். நல்ல மனுஷன் ஒருவர் வந்தால் ஊருக்கு நல்லது நடக்கிறது, அவர் போனால் அதுவும் போகிறது. எழுத்தில் எதுவும் கிடையாது. காற்றாலைக்காரர்கள் ஊருக்குச் செய்தது எல்லாமே இன்றுவரை மனசு வந்தால் செய்கிற காரியமாகவே இருக்கிறது.

மனசு வந்து செய்ததற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 2017-ல் எங்கள் ஊரில் குடிநீர் சுத்திகரிப்பு மிஷின் ஒன்றை வைத்தார்கள். ரிப்பன் வெட்டினார்கள், வடை காபி கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். ஒன்றரை வருஷம் நன்றாக ஓடியது. பிறகு உள்ளே இருக்கிற ஃபில்டரை மாற்ற வேண்டும் என்றார்கள். யார் மாற்றுவது? கம்பெனி, “பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டோம்” என்றது. பஞ்சாயத்து, “எங்களிடம் கேட்டா வைத்தார்கள்?” என்றது. இரண்டும் நியாயம்தான். இப்போது அந்த அறைக்குள் யாரோ நெல் சாக்கை அடுக்கியிருக்கிறார்கள், சாக்குக்கு மேல் ஒரு கோழி அடை உட்கார்ந்திருக்கிறது. வெளியே கம்பெனிப் பெயர்ப் பலகை மட்டும் பளபளவென்று இருக்கிறது. எங்கள் ஊருக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது குடிநீர் மிஷின் இல்லை. குளத்தின் மடைக்கு ஒரு ஷட்டர். கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்கிறதே என்று சிலர் கேட்கலாம். அது பெரிய கம்பெனிக்கு. நிகர லாபம் 5 கோடியாவது இருக்க வேண்டும், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகரச் சொத்து மதிப்பு 500 கோடி. எங்கள் பக்கத்தில் ஒரே காட்டில் நிற்கிற ஐம்பது மிஷினுக்கு முப்பது முதலாளிகள் இருப்பார்கள். நூல் மில், சாயப்பட்டறை, நகைக்கடை, சினிமாக்காரர் என்று எல்லாரும் உண்டு. வருமான வரியில் தேய்மானச் சலுகைக்காக வாங்கிப் போட்டவர்கள் பாதிப் பேர். மிஷின் எந்த ஊரில் நிற்கிறது என்றே சிலருக்குத் தெரியாது. அவர்களில் பெரும்பாலோர் இந்த 2 சதவீதக் கணக்குக்குள் வரமாட்டார்கள். வந்தாலும் அந்தப் பணத்தை எங்கே செலவழிப்பது என்பது அவர்கள் முடிவு.

அப்படியானால் இலவச கரண்ட் கேட்கிறாயா என்றால், இல்லை. தோட்டத்து மோட்டாருக்கு இந்த மாநிலத்தில் எப்போதோ இலவசம், வீட்டுக்கும் ஓர் அளவு வரை இலவசம். எங்கள் குறை வேறு. ஆடிக் காற்றில் பனை மட்டை விழுந்து ஊர் லைன் அறுந்து ராத்திரி முழுக்க இருட்டில் கிடப்போம். மேலே பார்த்தால் மிஷின் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த லைன் வேறு, எங்கள் லைன் வேறு. பழைய மிஷின்களுக்கு இன்னொரு குணமும் உண்டு. கெப்பாசிட்டர் பழுதானால் அது கிரிட்டிலிருந்து, அதாவது பொது மின்கட்டத்திலிருந்து, ‘ரியாக்டிவ் பவர்’ என்கிற மின்திறனை அதிகமாக இழுக்க ஆரம்பிக்கும், வோல்டேஜ் இறங்கும். அதற்கு வாரியம் முதலாளியிடம் தனியாகக் கட்டணம் வசூலித்துக்கொள்ளும். கருகிப்போன மோட்டார் காயிலைக் கட்டக் கொடுத்தவனுக்கு யாரும் எதுவும் கொடுப்பதில்லை.

தமிழ்நாட்டிலேயே இதற்கு வேறு வழி கண்ட ஓர் ஊராட்சி உண்டு. மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை. 2006-ல் அந்த ஊராட்சி தானே ஒரு காற்றாலையை வாங்கியது. 350 கிலோவாட், விலை 1.55 கோடி ரூபாய். ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு 40 லட்சம், மிச்சம் 1.15 கோடி வங்கிக் கடன். அப்போது தலைவராக இருந்த ஆர். சண்முகம் முன்னின்று செய்த காரியம் அது. மிஷினை உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் நிறுத்தினார்கள், காற்று அங்கேதானே இருக்கிறது. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஆன கரண்ட் போக, மிஞ்சியதை வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள். இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் வெட்கம். காற்றே இல்லாத ஊர், காற்று இருக்கிற ஊருக்குப் போய் மிஷின் வைத்துச் சம்பாதிக்கிறது. நூற்றுக்கணக்கான மிஷின் நிற்கிற எங்கள் பக்கத்து ஊராட்சிகள் தெருவிளக்கு பில்லுக்கு மூச்சுத் திணறுகின்றன. எல்லா ஊராட்சியாலும் ஓடந்துறை மாதிரி 40 லட்சம் சேர்க்க முடியாது. அதனால்தான் பங்கு கேட்கிறேன்.

பங்கு என்பது புதுக் கோரிக்கையா என்றால், அதுவும் இல்லை. நம் நாட்டிலேயே சுரங்கத்துக்கு இருக்கிறது, நீர்மின் நிலையத்துக்கு இருக்கிறது. 2015-ல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, அரசுக்குக் கட்டும் உரிமத்தொகை போக, அந்தத் தொகையில் 10 அல்லது 30 சதவீதத்தைக் கூடுதலாக மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குக் கட்டச் செய்தார்கள், சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊருக்குச் செலவழிக்க. 2008-ன் நீர்மின் கொள்கையில் மாநிலத்துக்கு 12 சதவீத இலவச மின்சாரம் போக, கூடுதலாக ஒரு சதவீதம் அந்த வட்டார வளர்ச்சி நிதிக்கு என்று எழுதியிருக்கிறது. மலையில் விழுகிற தண்ணீருக்கு ஒரு சதவீதம் உண்டு என்றால் கணவாயில் வருகிற காற்றுக்கு ஏன் இல்லை? தூசியும் புகையும் இல்லாத தொழில் என்பதால் பக்கத்து வீட்டுக்காரன் ஒருவன் இருப்பதே மறந்துபோய்விட்டதோ என்னவோ.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்பதற்குக் காரணம் உண்டு. இந்த மாநிலத்தில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை இருக்கிறது. அதில் மிகப் பழையவற்றில் பல எங்கள் பக்கத்தில்தான். நல்ல காற்று அடிக்கிற இடத்தையெல்லாம் நான் ஓட்டிய மாதிரிச் சின்ன மிஷின்கள் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றை இறக்கிவிட்டுப் பெரியதை ஏற்றுவதற்கும், ஆயுளை நீட்டிப்பதற்கும் தமிழ்நாடு அரசு 2024-ல் கொள்கை வெளியிட்டது. ஆகவே வரப்போகிற பத்து வருஷத்தில் பழைய பத்திரம் எல்லாம் புதிதாக எழுதப்படும். புது ரோடு, புது லைன், புது ஒப்பந்தம். 1994-ல் எங்கள் அப்பாவுக்குக் கிடைக்காத பேச்சு இப்போது ஊருக்குக் கிடைக்கிறது. இதையும் விட்டால் இன்னும் 25 வருஷம் காத்திருக்க வேண்டும். நான் இருக்கமாட்டேன்.

கணக்கைச் சொல்கிறேன். 2 மெகாவாட் மிஷின் ஒன்று எங்கள் காற்றில் வருஷத்துக்கு 50 லட்சம் யூனிட் ஓட்டும். யூனிட்டுக்கு 5 காசு என்றால் 2.5 லட்சம் ரூபாய். ஓர் ஊராட்சியில் இப்படி இருபது மிஷின் நின்றால் வருஷத்துக்கு 50 லட்சம். 20 காசு கேட்கவில்லை ஐயா, 5 காசுதான் கேட்கிறேன். மீட்டர் ரீடிங்கை மாதாமாதம் வாரியம் எடுக்கத்தான் செய்கிறது. அதே ரீடிங்கின் நகல் ஒன்று ஊராட்சிக்கு வந்தால் போதும், தனியாகக் கணக்குப்பிள்ளை வேண்டாம். பணம் நேராக ஊராட்சிக் கணக்கில் விழ வேண்டும். எதற்குச் செலவழிப்பது என்பதைக் கிராம சபையில் பேசி முடிவெடுக்க வேண்டும். மடை ஷட்டரோ, பள்ளிக்கூடக் கழிப்பறையோ, ஐ.டி.ஐ. படிக்கிற பையனுக்கு ஃபீஸோ, அது ஊர் பாடு. தப்பாகச் செலவழித்தால் அடுத்த கிராம சபையில் சட்டையைப் பிடிக்கலாம். கம்பெனி தப்பான இடத்தில் தண்ணீர் மிஷின் வைத்தால் யார் சட்டையைப் பிடிப்பது?

பழைய 225, 250 கிலோவாட் மிஷின்களை விட்டுவிடுங்கள். அதன் முதலாளிகளில் பலர் வாரியத்திடமிருந்து பணம் வராமல் மாதக்கணக்கில் அலைந்ததை நான் நேரில் பார்த்தவன். 5 காசு போட்டாலும் ஒரு மிஷினுக்கு வருஷத்துக்கு 27,000 ரூபாய்தான் தேறும். அதற்காக ஒரு சண்டை வேண்டாம். புதிதாக ஏற்றுகிற மிஷினுக்கு மட்டும், ஏற்றுவதற்கு முன்னாலேயே, அனுமதிக் காகிதத்திலேயே எழுதிவிட வேண்டும்.

இப்படியெல்லாம் கேட்டால் முதலீடு குஜராத்துக்குப் போய்விடும் என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். போகட்டும், ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கையோடு எடுத்துக்கொண்டு போகமுடியாதே.

வேலை கொடுக்கிறோமே என்பார்கள். அதுவும் பழைய கதை. நான் சேர்ந்தபோது எட்டு மிஷினுக்கு ஷிப்டுக்கு ஓர் ஆள். லாக் எழுத, எண்ணெய் பார்க்க, பிரேக் போட, எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். இப்போது வருகிற மிஷின் தன் காய்ச்சலைத் தானே சென்னைக்கு மெசேஜ் அனுப்பிச் சொல்லிவிடுகிறது. காலையில் ஒரு ஜீப்பில் நாலு பையன்கள் வந்து முப்பது மிஷினைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஊர்க்காரனுக்கு மிஞ்சியது வாட்ச்மேன் வேலை, அதுவும் கான்ட்ராக்டர் கீழே. கிடைத்தால் நல்லதுதான். ஆனால் அதைக் காட்டிப் பங்கை மறைக்கக் கூடாது.

சூரிய மின்சாரத்தைப் பற்றி நான் அதிகம் பேசக்கூடாது, அது என் தொழில் இல்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்லத்தான் வேண்டும். காத்தாடிக்குக் கீழே நிலம் திறந்து கிடக்கும். எங்கள் ஊரில் உச்சி வெயிலுக்கு முன்னும் பின்னும், குழாய் டவரின் நிழல் ஒரு கோடு மாதிரித் தரையில் விழும். மேய்ந்த ஆடுகளெல்லாம் அந்தக் கோட்டுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகப் படுத்துக்கொள்ளும். நிழல் நகர நகர, எழுந்து நகர்ந்து மறுபடி படுக்கும். நேரம் பார்க்க ஆட்டைப் பார்த்தால் போதும். சூரியத் தகடு போட்ட இடத்தில் அது கிடையாது, வேலி போட்டுவிடுவார்கள். கமுதியில் 2016-ல் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் வந்தது. அந்த அளவு பெரிய இடத்தில் வேலி வந்தால், நிலம் விற்றவனுக்குப் பணம் கிடைக்கும். நிலமே இல்லாமல் அங்கே ஆடு மேய்த்தவனுக்கும் களை எடுத்தவளுக்கும் என்ன கிடைக்கும்? கர்நாடகத்தில் பாவகடாவில் நிலத்தை விலைக்கு வாங்காமல் குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு வருஷம் 21,000 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு. நிலம் பட்டாதாரர் பேரிலேயே இருக்கிறது. எங்கள் அப்பா காலத்தில் அப்படி ஒரு வழி இருந்திருந்தால் என்று நினைக்கத்தான் தோன்றுகிறது. ஆனால் அங்கேயும் நிலமில்லாத கூலிக்காரர்களுக்குக் குத்தகைப் பணம் கிடையாது, பழைய காட்டு வேலையும் போய்விட்டது. அதனால்தான் பங்கு பட்டாவுக்கு மட்டும் என்றில்லாமல் ஊராட்சிக்கு வரவேண்டும் என்கிறேன்.

போன மே 1 கிராம சபையில் இதைப் பேசினேன். எழுந்து நின்று, மடித்து வைத்திருந்த பேப்பரைப் பார்த்து 5 காசுக் கணக்கை வாசித்தேன். நாலு பேர் கை தட்டினார்கள், ஒருவர் கொட்டாவி விட்டார். தீர்மானமாக எழுதச் சொன்னேன். வந்திருந்த அலுவலர் நல்ல மனுஷர்தான். “ஐயா, தனியார் கம்பெனிக்கு ஊராட்சி எப்படி உத்தரவு போட முடியும்? அரசுதான் போடணும்” என்றார். சரிதான். அதனால்தான் அரசு படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

இதற்கிடையே எங்கள் ஊர் மேற்கே புது மிஷினுக்கு அளவெடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். போன செவ்வாய்க்கிழமை நடந்து போய்ப் பார்த்தேன். சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை வரிசையாக நட்டிருக்கிறார்கள். அந்த வரிசை, கல்வெர்ட் கட்டிய இடத்துக்கு நானூறு அடி மேற்கே அதே ஓடையை மறுபடி குறுக்கே தாண்டுகிறது. குடை பிடித்து நின்ற சர்வேயர் பையனிடம், “தம்பி, இந்த எடத்துல பைப்பா, பாலமா?” என்று கேட்டேன். கருவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, “அதெல்லாம் சிவில் கான்ட்ராக்டர் பாத்துக்கிடுவாரு தாத்தா” என்றான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காற்றாலை ஆபரேட்டர்,
ராதாபுரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.

(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்துள்ளேன். வெளியிட வேண்டாம். மகளுக்கு அந்தக் கம்பெனிகளில் ஒன்றில்தான் வேலை.)